மூணு தடவை 'டோன் ஓகே' எழுதின வூடு

உங்க போன்ல ஒரு ஆப் இருக்குல்ல, கம்ப்ளெய்ண்ட் முடிஞ்சதும் பச்சை டிக் விழுமே. போன வாரம் ஆபீஸ் பக்கம் வந்தப்ப உங்கள்ல ஒரு தம்பி அதைப் பெருமையா காட்டினான். "இன்னிக்குப் பதினொண்ணு முடிச்சிட்டேன் சார்"ன்னான். நல்லா இரு தம்பின்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த டிக்கு எனக்குள்ள பழசு ஒண்ணைக் கிளறி விட்டுடுச்சு. ஏன் சார் மூஞ்சி மாறிப்போச்சுன்னு கேட்டீங்க, எழுதித் தாங்கன்னும் சொன்னீங்க. இந்தா எழுதறேன். படிச்சிட்டு என்னைத் திட்டணும்னா திட்டிக்கங்க.

நான் டெலிபோன் லைன்மேனா இருந்த காலத்துல பச்சை டிக் கிடையாது. கம்ப்ளெய்ண்ட் சீட்டுல ரெண்டு வார்த்தை எழுதுவோம், 'டோன் ஓகே'. கம்பத்துல ஏறணும், டெஸ்ட் போனை மாட்டணும், காதுல வைக்கணும். 'ஊம்'னு டயல் டோன் கேட்டுச்சுன்னா இறங்கிடலாம். வூட்டுக்குள்ள போகணும்னு கட்டாயம் இல்ல. போனா அந்தம்மா தண்ணி குடுக்கும், வூட்டுக்காரரு போன தடவை ஏன் வரலன்னு பிடிச்சுக்குவாரு, அரை மணி நேரம் ஓடிடும். அதனால பாதிப் பேர் கம்பத்தோட திரும்பிடுவோம். நானும் அந்தப் பாதிதான். சொல்லிக்க வெக்கமாத்தான் இருக்கு.

சிரிக்கிற மாதிரி கதை எங்கிட்ட நெறைய உண்டு. பூலாம்பாடியில ஒரு வூட்ல டயல் டோன் விட்டு விட்டு வருதுன்னு போனா, சுவத்து டப்பாக்குள்ள எறும்பு குடும்பம் நடத்திக்கிட்டு இருந்துச்சு. அதையெல்லாம் இன்னொரு நாள் டீக்கடையில சொல்றேன். இது அந்த மாதிரிக் கதை இல்ல.

அரியலூர்லேருந்து செந்துறை போற ரோட்டுல ஒரு ஊரு. பேரு வேண்டாம். பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும். அங்க ரோட்டு ஓரத்துல செல்லமுத்துன்னு ஒரு ஐயா வூடு. மழையை நம்பிச் சோளமும் பருத்தியும் போடுற காடு கொஞ்சம் வச்சிருந்தாரு. சம்சாரம் தவறிட்டாங்க. ஒரே பொண்ணு, அதுவும் அப்ப வூட்ல இல்ல. ஊர்ல எல்லார் கையிலயும் செல்லு வந்து, லேண்ட்லைனை ஒவ்வொருத்தரா கொண்டாந்து சரண்டர் பண்ணிட்டுப் போயிட்டாங்க. அந்தத் தெருவுக்கு மிச்சம் இவரு லைன் ஒண்ணுதான்.

அவரு குடுத்த கம்ப்ளெய்ண்டை அப்படியே சொல்றேன். "போன் ஒரு தடவை டிங்குன்னு சத்தம் குடுக்குது. போய் எடுத்தா டயல் டோன்தான் வருது."

வாசிச்சிட்டு நான் சிரிச்சேன். டயல் டோன் வரலன்னு ஆயிரம் பேர் கத்திக் கேட்டிருக்கேன். வருதுன்னு கம்ப்ளெய்ண்ட் குடுத்த ஆளை அன்னிக்குத்தான் பார்த்தேன். மறுநாள் வெயில்ல கம்பத்துல ஏறினேன். டோன் கணீர்னு வந்துச்சு. 'டோன் ஓகே' எழுதிட்டுப் போயிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு அதே கம்ப்ளெய்ண்ட் மறுபடி வந்துச்சு. இந்தத் தடவை கம்பத்துலேருந்து இறங்கறப்ப ஐயா கீழ நின்னுக்கிட்டு இருந்தாரு. கையில தடி. முட்டி ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு.

"தம்பி, வூட்டுக்கு வராம போனா எப்படி? வந்து காது குடுத்துக் கேட்டுட்டுப் போ."

போனேன். முன் அறையில மேசை போட்டு, அது மேல வெள்ளைத் துணி விரிச்சு போனை வச்சிருந்தாரு. தூசி ஒண்ணு இல்ல. ரிசீவரை எடுத்துக் கேட்டேன், டோன் நல்லா இருந்துச்சு. எக்சேஞ்சுக்குப் பேசி மணி குடுக்கச் சொன்னேன், அதுவும் ஊரே கேக்குற மாதிரி அடிச்சுச்சு.

"பாத்தீங்களா, நல்லாத்தான இருக்கு? பல்லி கில்லி மேல விழுந்திருக்கும்ங்க. அதான் டிங்குன்னு கேட்டிருக்கும்."

"பல்லி சத்தம் எனக்குத் தெரியாதா? அது மணி அடிக்க வந்து, அடிக்காம போவுது தம்பி. நான் கட்டில்லேருந்து எழுந்து இந்த மேசைக்கு வர்றதுக்குள்ள ஒண்ணும் இல்லாம போயிடுது."

"ஒரு செல்லு வாங்கிக்கங்களேன் ஐயா. இதை வச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படறீங்க?"

அவரு சட்டைப் பையிலேருந்து ஒரு சின்ன செல்லை எடுத்துக் காட்டினாரு. "இருக்குதே. ஆனா எம் பொண்ணுக்கு இந்த நம்பரு தெரியாது. அதுக்கு மனப்பாடமா தெரிஞ்சது மேசைல இருக்கற நம்பரு ஒண்ணுதான். சின்னப்புள்ளையில ரேஷன் கடையில, பள்ளிக்கூடத்துல எல்லாம் ஒப்பிக்கும்."

வெளிய வந்தப்ப எதிர் வூட்டுக்காரங்க மிச்சத்தைச் சொன்னாங்க. பொண்ணு வேத்துச் சாதிப் பையனைக் கட்டிக்கிட்டுப் போயிடுச்சாம். எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியலையாம். ஐயா வாசப்படி தாண்டறதே இப்ப கொறைச்சலாம், போன் வந்துடுமோன்னு. மழை தண்ணி இல்லாத நாள்ல மட்டும், காடு காஞ்சு போகுமேன்னு போயிட்டு வராராம்.

கேட்டுக்கிட்டேன். பாவமா இருந்துச்சு. ஆனா நான் என்ன நினைச்சேன் தெரியுமா? ஏங்கிப் போன மனுசன், காதுல மணி கேக்குதுன்னு நினைச்சேன். சீட்டுல மறுபடியும் 'டோன் ஓகே' எழுதினேன். மூணாவது தடவை கம்ப்ளெய்ண்ட் வந்தப்ப அந்த ஊருக்கே போகல. எக்சேஞ்சுலேருந்தே டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு அதே ரெண்டு வார்த்தையை எழுதிட்டேன்.

ஒருத்தரு வந்து இப்படி இருக்குதுன்னு சொன்னா, நம்ம மீட்டர் என்ன சொல்லுதுன்னுதான் நாம பார்க்கறோம். அந்த வூட்ல ராத்திரி பகலா கெடக்கற மனுசன் காதை விட நம்ம மீட்டரு பெருசுன்னு நினைக்கறோம். இத்தனைக்கும் அவரு பால்ட்டை, அதான் கோளாறை, ரொம்பச் சரியா சொல்லியிருந்தாரு. மணி அடிக்க வந்து அடிக்காம போவுதுன்னாரு. பரீட்சை எழுதின எனக்கு அது புரியல.

நாலாவது கம்ப்ளெய்ண்ட் வந்தப்ப, அரியலூர் எக்சேஞ்சுல லைன் டெஸ்டிங் வேலை பார்த்த மேடம் என்னைக் கூப்பிட்டாங்க. என்னை விட ரொம்பச் சின்னவங்க. அதிகம் பேச மாட்டாங்க. ரிஜிஸ்டரைத் திருப்பி வச்சிருந்தாங்க.

"அண்ணே, இந்த நாலு தேதியையும் பாருங்க. நாலும் மழை பெஞ்ச நாளு. நான் நனைஞ்சுக்கிட்டு வந்ததால எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க என்னிக்குப் போய்ப் பார்த்தீங்க?"

நாலு தேதியையும் விரல் வச்சுப் பார்த்தேன். மழையில யாரு கம்பம் ஏறுவா? காஞ்ச பிறகுதான் போவோம். ரெண்டு தடவை நேர்ல போனதும், மூணாவது தடவை டெஸ்ட் பண்ணினதும் காஞ்ச பிறகுதான்.

"அடுத்த மழைக்குப் போங்கண்ணே"ன்னாங்க.

ஐப்பசி மாசம். ஒரு நாள் காலையிலயே இருட்டிக்கிட்டு வந்து மழை பிடிச்சுக்கிச்சு. ரெயின்கோட்டை மாட்டிக்கிட்டு வண்டியை எடுத்தேன். ஐயா என்னைப் பார்த்ததும் துண்டைக் குடுத்து, "தலையைத் தொவட்டு தம்பி"ன்னாரு. ரிசீவரை எடுத்துக் கேட்டேன். டோன் இருந்துச்சு. கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். வச்சிட்டு, என் செல்லுலேருந்து அவரு நம்பருக்குப் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சேன்.

என் செல்லுல மணி போற சத்தம் பாதி கேட்டுச்சு. மேசைல இருந்த போன் 'டிங்'குன்னு ஒரு முக்கல் முக்குச்சு. அதோட சரி. என் செல்லுல செகண்டு ஓட ஆரம்பிச்சிடுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. ரிசீவர் அதும்பாட்டுக்கு வச்ச எடத்துல இருக்கு. ஸ்பீக்கர்ல 'உஸ்ஸ்'னு ஒரு இரைச்சல், கூடியும் கொறைஞ்சும் வந்துச்சு. பத்துப் பன்னெண்டு செகண்டுல தானா கட் ஆயிடுச்சு.

ஐயா என் தோளுக்குப் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாரு.

"அது என்ன தம்பி, நம்பரு ஓடுச்சே?"

"எடுத்துட்டாங்கன்னு அர்த்தம்ங்க."

"யாரு எடுத்தா? நாம ரெண்டு பேரும் இங்கதான நிக்கறோம்?"

"யாரும் எடுக்கலங்க. எங்கயோ வயர்ல ஈரம் ஏறியிருக்கு. டயல் டோனுக்குச் சின்ன கரண்ட்டு, அது வந்துடும். மணி அடிக்கப் பெரிய கரண்ட்டு வரணும். அது வர்றப்ப ஈரத்துல கசியுது. உடனே எக்சேஞ்ச் மிஷினு, நீங்க ரிசீவரை எடுத்துட்டீங்கன்னு நினைச்சு மணியை நிப்பாட்டி லைனைச் சேர்த்து விட்டுடுது. அப்புறம் கசிவு நின்னதும், வச்சிட்டீங்கன்னு கட் பண்ணிடுது."

"அப்ப, கூப்புடறவங்களுக்கு எப்படி இருக்கும்?"

அந்தக் கேள்வி வரும்னு நான் எதிர்பார்க்கல. பால்ட்டைக் கண்டுபிடிச்ச தெம்புல இருந்தேன்.

"சொல்லு தம்பி."

"எடுத்துட்டு, ஒண்ணும் பேசாம, வச்சிட்ட மாதிரி இருக்கும்ங்க."

அவரு மெல்லப் போயி கட்டில்ல உக்காந்தாரு. தடியைச் சுவத்துல சாத்தி வச்சாரு. அப்புறம் சொன்னாரு, "கடைசியா எம் பொண்ணு இந்தப் போன்லதான் பேசுச்சு. கல்யாணம் ஆயிடுச்சுப்பான்னு சொல்லுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இனிமே இங்க போன் பண்ணாத, பண்ணினா எடுத்துட்டு வச்சிடுவேன்னேன். கோவத்துல சொன்னேன். ஒரு வாரம் கூட அந்தக் கோவம் நிக்கல." மேசையைப் பார்த்தாரு. "நான் சொன்னதை இது அப்படியே செஞ்சிருக்குது."

மழையோட மழையா வெளிய போயி லைனைப் பார்த்துக்கிட்டே நடந்தேன். ரோட்டைத் தாண்டற எடத்துல, கம்பத்துக்கிட்ட, அறுந்த வயரை ஒட்டுப் போட்ட ஒரு ஜாயிண்ட்டு. நீலப் பால் கவர் சுத்தி, வயர் துணுக்கால ரெட்டை முடிச்சு போட்டிருந்துச்சு. ஒவ்வொரு லைன்மேனுக்கும் ஒரு கட்டு உண்டு, கீழ நின்னே யாரு கட்டுனதுன்னு சொல்லிடுவோம். அந்தச் சுத்துப்பட்டுல ரெட்டை முடிச்சு போடறவன் நான் ஒருத்தன்தான்.

ஒரு வருஷத்துக்கு முந்தி சுண்ணாம்புக்கல் லாரி ஒண்ணு அந்த வயரை அறுத்துட்டுப் போச்சு. அன்னிக்கு வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் கோயில் வாரத்துல ரெண்டு நாள்தான் திறப்பாங்க, மத்தியானமே கிளம்பணும்னு வூட்ல காத்துக்கிட்டு இருந்தாங்க. முறையா போட வேண்டிய ஜாயிண்ட்டு டப்பா என் வண்டிப் பொட்டியிலயே இருந்துச்சு. அதைப் போட அரை மணி நேரம் ஆகும். கையால முறுக்கி, டேப்பு சுத்தி, பால் கவரைக் கட்டிட்டு, திங்கக்கிழமை வந்து மாத்திக்கலாம்னு போயிட்டேன். திங்கக்கிழமை வேற வேலை வந்துடுச்சு. அவுத்துப் பார்த்தா கவருக்குள்ள ஒரு கை தண்ணி. வெளியிலேருந்து தண்ணி போகாம இருக்கக் கட்டுனது, உள்ள போனதை வெளிய விடாம வச்சிருந்துச்சு.

கம்பத்துலேருந்து வூடு வரைக்கும் ஜாயிண்ட்டே இல்லாம புது வயரு இழுத்துக் குடுத்தேன். மறுபடி என் செல்லுலேருந்து போட்டேன். மணி அடிச்சுச்சு. எடுக்கப் போனேன். "எடுக்காத தம்பி, அடிக்கட்டும்"ன்னாரு ஐயா. முழுசா அடிச்சு ஓயற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. "என்ன கோளாறு?"ன்னு கேட்டாரு. "ஒரு ஜாயிண்ட்டு மோசமா இருந்துச்சுங்க"ன்னேன். அது யாரு போட்டதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கடைசி வரைக்கும் அவர்கிட்ட சொல்லல.

அப்புறம் ஒரு காரியம் நடந்துச்சு, அதையும் சொல்லிடறேன். மழை நாள்ல யாரு கூப்பிட்டாங்கன்னு பெரிய ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தேடி எடுக்கலாம். அந்த மேடம்கிட்ட கேட்டேன், நம்பரை எடுத்து ஐயாகிட்ட குடுத்துடலாம்னு.

"முடியாதுண்ணே. ரூல்ஸ் ஒரு பக்கம் கெடக்கட்டும். சாதி மாறிக் கட்டிக்கிட்டுப் போன பொண்ணு. அதோட நம்பரை வாங்கிக்கிட்டு அப்பாதான் போவாரா, கூட இன்னும் நாலு பேரு போவாங்களான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. இன்னிக்கும் அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த மேடமே அந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே. நம்பரை யாருக்கும் குடுக்காம, 'உங்க அப்பா எடுத்துட்டு வைக்கலம்மா, லைன்ல கோளாறு'ன்னு சொல்லியிருக்கலாம். அதுக்கும் மேலதிகாரிங்ககிட்ட கேட்டுப் பார்த்திருக்கலாம், அனுமதி கிடைச்சிருக்கலாம், கிடைக்காம போயிருக்கலாம். எனக்கு அந்த யோசனையே வரல. முடியாதுன்ன உடனே அதோட விட்டுட்டேன். அது தோணினப்ப ஐயா போய்ச் சேர்ந்துட்டாரு.

ஆமா, அடுத்த வருஷம் கத்திரி வெயில்ல போயிட்டாரு. அதுவரைக்கும் மழை பெஞ்ச நாளெல்லாம் நான் அங்க வண்டியை நிறுத்திக் கேப்பேன், "ஏதாவது வந்துச்சுங்களா?"ன்னு. இல்லன்னு தலையை மட்டும் ஆட்டுவாரு. போன் நல்லா இருந்துச்சு. கூப்பிடத்தான் ஆள் இல்ல.

ஒரு மாசம் கழிச்சு ஆபீஸ் கவுண்ட்டர்ல ஒரு பொண்ணு நின்னுச்சு. துணிப்பையில பழைய போன் ஒண்ணு. லெட்டரை நீட்டுச்சு. தகப்பனார் இறந்துவிட்டதால் இணைப்பு தேவையில்லைன்னு எழுதியிருந்துச்சு. நம்பரைப் பார்த்ததும் நிமிர்ந்து அது முகத்தைப் பார்த்தேன்.

"நீங்க செல்லமுத்து ஐயா பொண்ணாம்மா?"

"ஆமாங்க. யாரோ சொல்லித் தெரிஞ்சு சாவுக்குத்தான் வந்தேன். பெரம்பலூர்லதான் இருக்கேன், இந்தா இருக்கற பெரம்பலூர்ல."

சொல்லலாமா வேண்டாமான்னு தடுமாறினேன். அது பாட்டுக்குக் கல்லு மனசுக்கார அப்பான்னு நினைச்சுக்கிட்டுப் போயிடும், ஒரு நாள் மறந்தும் போகும். சொன்னா, காலம் பூரா சுமக்கும். ஆனா வெள்ளைத் துணி விரிச்ச அந்த மேசை கண்ணு முன்னால வந்துச்சு. பெஞ்சுல உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். அந்தக் கட்டு நான் போட்டதுங்கறதையும் சொன்னேன்.

அது என்னைத் திட்டும்னு நினைச்சேன். திட்டல. "அப்பா எடுக்கவே இல்லையா?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

"எடுக்கலம்மா. அவரு எழுந்து வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். வந்து எடுத்தா வெறும் டோன்தான் கேக்கும்."

"எப்பவும் அப்படித்தான் இருந்துச்சா?"

"இல்லம்மா. மழை பெஞ்சா மட்டும்தான். காஞ்சிருந்தா நல்லா அடிக்கும்."

அது பையை மடியில இறுக்கிக்கிச்சு. "நான் மழைக்குத்தான் சார் பண்ணுவேன். காஞ்ச நாள்ல அப்பா காட்டுக்குப் போயிடும். மழைன்னா வூட்ல இருக்கும்னு, இங்க இருட்டிக்கிட்டு வந்தாலே போனைக் கையில எடுத்துடுவேன். போன ஐப்பசியிலதான், இனிமே அப்பா பேசாதுன்னு நிறுத்திட்டேன்."

கவுண்ட்டர்ல வேற ஆளுங்க வந்தாங்க, போனாங்க. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு அது எழுந்திரிச்சுச்சு. ரெண்டு அடி போயிட்டுத் திரும்பி வந்துச்சு.

"சார், எடுத்த உடனே ஒரு சத்தம் கேக்கும். உஸ்ஸுன்னு, ஏறி ஏறி இறங்கும். அப்பா ஒண்ணும் பேசாம மூச்சு விடுதுன்னு நெனச்சு, நானும் பேசாம கேட்டுக்கிட்டே இருப்பேன். கட் ஆவற வரைக்கும். அதுக்காகவே திரும்பவும் பண்ணுவேன். அது அப்பா இல்லன்னா, அது என்ன சத்தம் சார்?"

முப்பத்தஞ்சு வருஷம் கம்பத்துல ஏறியிருக்கேன். நனைஞ்ச ஜாயிண்ட்டோட இரைச்சலை, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவேன்.

"எனக்குத் தெரியலம்மா"ன்னு சொன்னேன்.